மூன்று முறை காட்டிக்கொடுத்தவள்

என் நாத்தனாரின் முகத்தை இந்தத் தெருவில் நாற்பது பேருக்குத் தெரியும். அவள் குரலைத் தெரியாதவர்கள் இந்த நாட்டிலேயே நாற்பது பேர் இருந்தால் அதிகம். அடுப்பைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பச் சொல்லி அவள் போன் செய்தால், மறுமுனையில் இருப்பவர் முகவரியை எழுதிக்கொள்ளாமல் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்.

“மேடம், உங்க குரலை எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கே.”

அவள் முகவரியை மறுபடி சொல்வாள். அவருக்கு நினைவு வந்துவிடும். “நீங்கதானே அந்த ராஜாகிட்ட போட்டுக்குடுத்தது?” அதற்குப் பிறகு அடுப்பு பழுதுபார்க்க ஆள் வர மூன்று நாள் ஆகும்.

அவள் டப்பிங் பேசுகிறவள். திரையில் வேறொருத்தி வாயசைப்பாள், இவள் இருட்டறையில் நின்று பேசுவாள். நான் அவளுடைய அண்ணன் மனைவி. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இருக்கிறோம். மேல்தளத்தில் அவளும் அவள் மகளும். மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது அவளுடைய கணவர் ஒரு வாரக் காய்ச்சலில் போய்விட்டார். அன்று இருவரையும் கையோடு அழைத்து வந்து மாடியைத் திறந்துவிட்டவர் என் வீட்டுக்காரர். அதிலிருந்து இந்த வீட்டுக்கு அவர்தான் மகாராஜா. செங்கோல் ஒன்றுதான் இல்லை, அந்தக் குறையையும் கையில் இருக்கும் டிவி ரிமோட் தீர்த்துவிடுகிறது.

என்னைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் வாயிலிருந்து ஒரு ரகசியம் வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை. இதை நான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அந்த ராஜா கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். இல்லையென்றால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டத்து இளவரசன் ஒருவன். சாயம் தோய்க்கிறவர் மகள் ஒருத்தி. நீலத்தொட்டியில் துணி முக்கிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்தான், அவன் உள்ளங்கையும் நீலமாகிவிட்டது. எத்தனை கழுவியும் போகவில்லை. அரண்மனையில் கையை மடக்கி வைத்துக்கொண்டே எத்தனை நாள் சாப்பிட முடியும்? அரசர் பார்த்துவிட்டார். நாட்டை விட்டே ஓடிப்போவது என்று காதலர்கள் முடிவு செய்தார்கள். அது தெரிந்த ஒரே ஆள், அந்தப் பெண்ணுக்கு உயிர்த்தோழியாக இருந்த அரண்மனைப் பணிப்பெண். அவள் நேராக அரசரிடம் போய்ச் சொன்னாள்: “மன்னா, பொறுத்தருள வேண்டும். இன்று நிலா எழுந்ததும் அவர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள்.”

கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது யார் படம் எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. எங்கள் அம்மா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருவரும் ஆற்றோடு போனார்கள். ஜனங்கள் இரண்டு கைக்குட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார்களாம். அடுத்து வந்த கலர் படத்தில் அவள் மட்டும் போனாள், அவன் கரையோரமாக ஏழு நிமிடம் பாடிக்கொண்டே நடந்தான். டிவி தொடரில் யாருமே போகவில்லை. சாயக்காரர் மகளுக்கு நினைவு தப்பிப்போய், அடுத்த நாட்டு ராஜாவுக்கு வளர்ப்பு மகளாகி, நானூறு எபிசோட் ஓடியது. முடிவு எப்படி மாறினாலும் தோழி சொல்லும் அந்த இரண்டு வரி மட்டும் மாறவே மாறாது. மாற்றினால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள்.

கலர் படத்தில் தோழியாக நடித்த நடிகைக்குக் குரல் கொடுத்தபோது என் நாத்தனாருக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்குப் பேச வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் இவளை மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஒரே டேக்கில் சொன்னாள். படம் ஓடிய ஓட்டத்தில் அந்த இரண்டு வரி கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒருவன் இன்னொருவனைப் பற்றி வாத்தியாரிடம் சொன்னால் மற்ற பிள்ளைகள் “மன்னா, பொறுத்தருள வேண்டும்” என்று இழுப்பார்கள். பதினான்கு வருடம் கழித்து டிவி தொடர் எடுத்தவர்கள் அவளையே தேடி வந்தார்கள். வேறு குரலில் காட்டிக்கொடுத்தால் யாரும் நம்பமாட்டார்களாம். அந்தத் தொடரில் திங்கட்கிழமை “மன்னா” என்றவள் வெள்ளிக்கிழமைதான் “பொறுத்தருள வேண்டும்” என்றாள். நடுவில் மூன்று நாளும் அரசரின் மீசையையே காட்டிக்கொண்டிருந்தார்கள். நிலா எழுவதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆனது.

அந்த இரண்டு வாரத்தில் எங்கள் தெருவில் இருந்தவர்களெல்லாம் மாறிப்போனார்கள். அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அடுத்த வீட்டுக்காரி தன் மாமியாரைப் பற்றி என்னிடம் பேசிக்கொண்டிருப்பாள், மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டதும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவாள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வீட்டுக்குள்ளும் அதே கதைதான். அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் ‘தோழி’. யாருக்காவது பிறந்தநாள் என்று பரிசு வாங்கினால் தோழிக்குத் தெரியாமல் வாங்குவோம். “அவகிட்ட சொல்லாதே, மன்னர்கிட்ட போயிடும்” என்போம். அதிகம் சொன்னது நான்தான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அவளும் எங்களோடு சேர்ந்து சிரிப்பாள். ஆனால் ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, “அண்ணி, உண்மையிலேயே நான் யாரைப் பத்தியாவது யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?” என்று கேட்டாள். நான் எவ்வளவு யோசித்தும் ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படவில்லை என்று அவளிடம் சொல்லாமல், “போம்மா, அது விளையாட்டுக்குச் சொல்றது” என்று மழுப்பிவிட்டேன். இப்போது நினைத்தால் எனக்கு என் மீதே கோபம் வருகிறது.

மகள் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தாள். இருபத்தாறு வயதாகிறது, ஆனாலும் எங்களுக்கு அவள் பாப்பாதான். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறாள். போன வருடம் ஒருநாள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, “அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அம்மாவுக்குத் தெரியக்கூடாது” என்றாள். கையில் இருந்த கரண்டியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

ஆள் யார் என்று கேட்டேன். எதிர்க்கடைக்காரர் மகன்.

இது ஏன் வம்பு என்று புரிய நான் என் வீட்டுக்காரரின் தொழிலைச் சொல்லியாக வேண்டும். அவர் அச்சகம் வைத்திருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் அதில் ஒரு கூட்டாளி இருந்தார். இருவருக்கும் மனஸ்தாபம் வந்து, கூட்டாளி பிரிந்து போனார். போகும்போது கைதேர்ந்த மெஷின்காரரையும் கூட்டிக்கொண்டு போய், நேர் எதிரிலேயே இன்னொரு அச்சகம் திறந்தார். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. அவர் எட்டரைக்குத் திறந்தால் இவர் எட்டே காலுக்குத் திறப்பார். அவர் எட்டுக்குத் திறப்பார். இப்படியே போய் இப்போது இருவரும் காலை ஆறு மணிக்கு ஷட்டரைத் தூக்கிவிட்டு, ஒரு வாடிக்கையாளரும் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள்.

அந்த வீட்டுப் பையன்தான் கண் பரிசோதனைக்கு வந்திருக்கிறான். எழுத்துப் பலகையின் கடைசி வரியை வேண்டுமென்றே தப்பாகப் படித்துவிட்டு மறுபடி வந்திருக்கிறான். மறுபடியும் தப்பு. மூன்றாவது முறை வந்தபோது பாப்பா அந்த வரியை அவன் பக்கமாக நின்று தானே படித்துக் காட்டினாளாம். இனி என்ன பாக்கி?

“அம்மாகிட்ட ஏம்மா சொல்லல?” என்றேன்.

“அம்மாகிட்ட சொன்னா மாமாவுக்குப் போகாதா அத்தை? போனா அவ்வளவுதான். அவனுக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கட்டும், அப்புறம் நாங்களே மாமாகிட்ட வந்து சொல்றோம். நீங்க மட்டும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

“என்னைப் பத்தி உனக்குத் தெரியாதா?” என்றேன். ஒரு வருடம் கட்டிக்காத்தேன். சும்மா சொல்லக்கூடாது, உடம்பு இளைத்துவிட்டது.

இதற்கிடையில்தான் அந்தக் கதையை நாலாவது முறையாக எடுக்க ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை இணையத்தில் பார்க்கும் தொடர், மொத்தமே எட்டு பகுதி. தோழிக்குக் குரல் யார் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. “இந்த வாட்டியாவது என்னையும் கூட்டிக்கிட்டுப் போ” என்று நான் ஒற்றைக்காலில் நின்றதால், ஒரு வியாழக்கிழமை என்னையும் அழைத்துப் போனாள்.

சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த அறை. கடிகாரம் கிடையாது, டிக் டிக் என்று கேட்குமாம். முன்னால் திரை, பின்பக்கம் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளரும் இயக்குநரும். அவள் வளையல், கைக்கடிகாரம், செருப்பு எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றினாள். மொடமொடப்பான துணி உடுத்தமாட்டாள், அது பேசுமாம். வயிறு காலியாக இருந்தால் அதுவும் பேசும் என்று இரண்டு பிஸ்கட்டை எண்ணித் தின்றாள். வாய் உலராமல் இருக்கப் புளிப்பு ஆப்பிளில் ஒரு கடி. முத்தக் காட்சிக்கு எப்படிச் சத்தம் கொடுப்பாய் என்று காதோடு கேட்டேன். புறங்கையைக் காட்டினாள். இத்தனை வருடம் தியேட்டரில் நான் வெட்கப்பட்டது ஒரு புறங்கைக்காகவா என்று எனக்குத் தோன்றியது.

வேலை தொடங்கியதும் நான் வாயை மூடிக்கொண்டேன். திரையில் சத்தமில்லாமல் ஒரு காட்சி திரும்பத் திரும்ப ஓடும். அவள் அந்த நடிகையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கே திறக்கிறது, எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே எச்சில் விழுங்குகிறது, எல்லாம் ஒரு பார்வையில் பிடிபட்டுவிடும். பேசும்போது கையில் இருக்கும் தாளைப் பார்க்கவே மாட்டாள். முதல் இரண்டு மணி நேரம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. அப்புறம் அந்த இரண்டு வரி வந்தது.

“மன்னா, பொறுத்தருள வேண்டும்...” நிறுத்திவிட்டாள்.

மறுபடி ஓட்டினார்கள். இரண்டாம் வரியில் உதடு தப்பியது. மறுபடி. வார்த்தை முந்திக்கொண்டது. மறுபடி. எழுத்தெல்லாம் சரி, உயிர் இல்லை. இருபத்து மூன்று டேக் எண்ணினேன். முப்பத்து மூன்று வருடம் ஊரே மனப்பாடம் செய்த வரி, சொன்னவளுக்கே வரவில்லை. இயக்குநர் சின்னப் பெண், மரியாதை தெரிந்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “அக்கா, இன்னைக்கு விட்டுடலாம். மத்த பகுதியை முடிச்சுட்டு மூணு வாரம் கழிச்சு இதுக்கு வருவோம். அப்பவும் சரியா வரலன்னா... பாப்போம்” என்றாள். அந்த ‘பாப்போம்’ என்பதற்கு அர்த்தம் எனக்கே புரிந்தது.

வரும் வழியில், “வயசாகுதும்மா, கண்ணு தடுமாறுது. பாப்பாகிட்ட ஒரு கண்ணாடி போட்டுக்கோ” என்று ஆறுதல் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, “கண்ணு நல்லாத்தான் தெரியுது அண்ணி” என்றாள்.

அந்தச் சனிக்கிழமை மதியம் நாலு பேரும் கீழே ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் உற்சாகமாக இருந்தார். அச்சகத்துக்குக் காகிதம் கொடுக்கும் வியாபாரிக்கு ஒரு மகன். அவர்கள் குடும்பம் மறுநாள் பாப்பாவைப் பார்த்துப் பேச வருகிறது என்று அப்போதுதான் அறிவித்தார். பாப்பா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். நாத்தனார் யாரையும் பார்க்காமல் தண்ணீர் ஊற்றினாள்.

அதோடு அவர் விட்டிருக்கலாம். எதிர்க்கடையில் அன்று காலையில் புதிதாக விளக்குப் பலகை மாட்டியிருந்தார்கள். அதற்குப் போய்விட்டார். “பலகையைப் பாரு, பலகையை. அந்தக் குடும்பத்துலயே உருப்படியா ஒருத்தன் கிடையாது.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அப்படியெல்லாம் சொல்லாதீங்க. அந்தப் பையன் தங்கம். இல்லாமலா நம்ம பாப்பா ஒரு வருஷமா அவன்கூடப் பேசிக்கிட்டிருப்பா?”

சொன்ன வேகத்தில் விழுங்கப் பார்த்தேன். எச்சில்தான் உள்ளே போனது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது மழைக்காலத்தில்தான் கத்தும். நான் கடைசி முயற்சியாக, “பாப்பான்னா... நான் வேற பாப்பாவைச் சொன்னேன்” என்றேன். அது எடுபடவில்லை.

பாப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் வீட்டுக்காரர் அவளையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. தங்கை பக்கம் திரும்பினார்.

“உனக்குத் தெரியுமா இது?”

“தெரியும்ணா.”

பாப்பாவின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

“எத்தனை நாளா?”

“பதினாலு மாசமா.” எனக்குத் தெரிவதற்கு இரண்டு மாதம் முன்பே.

“பதினாலு மாசமாத் தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள். “என்கிட்டயே யாரும் சொல்லலையேண்ணா. எனக்குச் சொல்லாததை நான் எப்படி உங்களுக்குச் சொல்றது?”

மகாராஜாவின் கை, அங்கே இல்லாத ரிமோட்டைத் தேடியது.

பாப்பாதான் கேட்டாள். “எப்படிம்மா தெரியும்? நான் பால்கனிக் கதவை மூடிட்டுத்தானே பேசினேன்?”

“சத்தம்தான் வரலை. வாய் தெரிஞ்சுதே.”

மாடிக் கூடத்துக்கும் பால்கனிக்கும் நடுவில் பெரிய கண்ணாடிக் கதவு. பாப்பா தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதை இழுத்து மூடிவிட்டுப் போன் பேசுவாள். அம்மா கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மறுநாள் வசனத்தைப் படித்துக்கொண்டிருப்பாள். வாழ்நாளெல்லாம் கண்ணாடி அறையில் சத்தமில்லாத உதட்டைப் பார்த்து வசனம் சொன்னவள் முன்னால் கதவை மூடி என்ன பயன்? இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“நான் வேணும்னு பாக்கலம்மா,” என்றாள். “ஒருநாள் நிமிர்ந்தேன், நீ பேசிக்கிட்டிருந்த. என்னை அறியாமலே மனசுக்குள்ள வசனம் வந்துடுச்சு. முதல்ல வந்த வசனமே, ‘அம்மாவுக்குத் தெரியக்கூடாது, அவங்க மாமாகிட்ட போட்டுக்குடுத்துடுவாங்க’ன்னு. அப்புறம் அந்தப் பையன் பேரைச் சொல்லிச் சிரிச்ச. அவ்வளவுதான். அன்னைக்கே எழுந்து நாற்காலியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பிப் போட்டுட்டேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

சுவரைப் பார்த்துப் போட்ட அந்த நாற்காலியை நானும் பார்த்திருக்கிறேன். “என்னம்மா, கோவிச்சுக்கிட்ட குழந்தை மாதிரி சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கே” என்று கேலிகூடச் செய்தேன். பதினான்கு மாதம் ஒருத்தி வெள்ளைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறாள், பெற்ற மகள் தானாக வந்து சொல்வாள் என்று.

“கேட்டிருக்கலாமேம்மா,” என்று பாப்பா அழ ஆரம்பித்தாள்.

“கேட்டா நீ சொல்லியிருப்ப. கேக்காம சொல்லணும்னு இருந்தேன்.” அவள் மகளின் நாற்காலியைத் தன் பக்கமாக இழுத்தாள். “சரி, இப்ப சொல்லு. முதல்லேருந்து சொல்லு. சத்தத்தோட சொல்லு.”

பாப்பா சொன்னாள். எழுத்துப் பலகையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அம்மா, “அப்புறம்?”, “அதுக்கு நீ என்ன சொன்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒரு பசி. சோறு ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் தொடவில்லை. என் வீட்டுக்காரர் எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். அவரும் கை காய உட்கார்ந்து கேட்டார். கடைசி வரியை மூன்று முறை தப்பாகப் படித்த இடம் வந்ததும் தாங்கமுடியாமல், “எதிர்க்கடைக்காரன் வீட்டுல யாருக்கும் கண்ணு சரியாத் தெரியாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அவங்க அச்சடிக்கிற லட்சணத்தைப் பாத்தாலே தெரியும்” என்றார். பாப்பா அழுகையிலேயே சிரித்துவிட்டாள். அவர் எழுந்து, காகித வியாபாரிக்குப் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றார். திரும்பி வந்து, “நான் எதுக்கும் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்லை” என்று சொல்லிவிட்டு ஆறின சோற்றைச் சாப்பிட்டார்.

ஒத்துக்கொள்ள அவருக்குப் பத்து நாள் ஆனது. கடைசியில் ஒருநாள் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பதினோரு வருடத்தில் நடக்காத பதினைந்து அடி. இரண்டு கடை வேலைக்காரர்களும் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். பையனைப் பற்றியும் பெண்ணைப் பற்றியும் இரண்டு மன்னர்களுக்கும் ஒரு ஆட்சேபணையும் இல்லை. பிறகு கல்யாண அழைப்பிதழை யார் அச்சடிப்பது என்று பேச்சு வந்தது. அங்கே முட்டிக்கொண்டு நின்றது. “என் வீட்டுப் பொண்ணு கல்யாணப் பத்திரிகை இன்னொருத்தன் மெஷின்ல ஓடுமா?” என்று இவர். “என் மகன் கல்யாணத்துக்கு நான் எதுக்குக் கடை வெச்சிருக்கேன்?” என்று அவர். கல்யாணமே நின்றுவிடும் போல ஆனது. ஒரு வாரம் ஆகியும் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. பாப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் இப்போது ராத்திரியில் கண்ணீரைத் துடைக்க அவள் என்னைத் தேடி வரவில்லை. மாடியிலேயே இருந்தாள்.

இந்த நிலைமையில்தான் மறுபடி ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தது. நான் வரவில்லை என்றேன். நாத்தனார், “நீங்க வந்தாத்தான் நான் போவேன் அண்ணி” என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குற்ற உணர்ச்சியோடு ஒரு மூலையில் போய் உட்கார்ந்தேன்.

திரையில் அந்த நடிகை அரசர் முன்னால் நின்றாள். உதடு அசைந்தது.

“மன்னா, பொறுத்தருள வேண்டும்,” என்றாள் என் நாத்தனார். ஊரே அறிந்த அந்தப் பழைய குழைவு அதில் இல்லை. யாரையோ புகழ்ந்து சொல்லப்போகிறவள் போல ஒரு துள்ளல். அதே வேகத்தில், “இன்று நிலா எழுந்ததும் அவர்கள் ஆற்றைக் கடக்கிறார்கள்.” கடைசி எழுத்து வாயைவிட்டுப் போனதும் அதைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்க்கிற மாதிரி ஒரு மூச்சு, ஒரு எச்சில் விழுங்கல். ஒரே டேக்.

இயக்குநர் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளேயே வந்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. “அக்கா, இவ கெட்டவளே இல்லையே அக்கா,” என்றாள்.

எனக்கு அந்த மூச்சு தெரியும். அந்த எச்சில் என் எச்சில்.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, “கோவிச்சுக்காதீங்க அண்ணி,” என்றாள். “அவ ஏன் சொன்னான்னு எனக்கு இத்தனை வருஷமாத் தெரியல. ஒரு டைரக்டர் பொறாமைன்னார், இன்னொருத்தர் பயம்னார். அவங்க சொன்ன மாதிரிச் சொன்னேன். பதினாலு மாசம் பாப்பா விஷயத்தை வெச்சுக்கிட்டு இருந்தப்போ, இவளால எப்படி வாயத் திறக்க முடிஞ்சுதுன்னே புரியல. அதான் அன்னைக்கு வரல. நீங்க அந்தப் பையன் தங்கம்னு சொன்னீங்க பாருங்க, அப்பத்தான் புரிஞ்சுது. அவளும் அந்த ரெண்டு பேர்மேல இருந்த பிரியம் தாங்காமத்தான் உளறியிருப்பா.”

திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். “உன்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதுக்கு மன்னிச்சுக்கோம்மா,” என்றேன். இதை நான் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் என் கையை இறுக்கிவிட்டு, பஸ் வருகிறது என்றாள்.

பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் அவள் போன் அடித்தது. பாப்பா. இவள் “சொல்லும்மா” என்றவள் பிறகு பேசவே இல்லை. கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் முதலில் இறுகியது, அப்புறம் மெல்ல மலர்ந்தது. கண்ணில் நீர் கட்டியது, அதோடு சிரிப்பும் வந்தது. “சரிம்மா. சரி. வெச்சுடறேன்,” என்று போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

“என்னவாம்? ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்களா? பத்திரிகை யாரு அடிக்கிறாங்க? தேதி குறிச்சாச்சா?” எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“சாயங்காலம் பாப்பா வந்து அவளே உங்களுக்குச் சொல்லுவா அண்ணி.”

“அடியே, தலை வெடிச்சுடும்டி. இன்னும் பதினோரு ஸ்டாப் இருக்கு.”

அவள் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவ சொல்ல வேண்டிய விஷயத்தை நான் சொல்ல மாட்டேன்,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். முதல் போன் எனக்குத்தான் போட்டிருக்கா.”